ஒரு நோயாளி, இரு மருத்துவம்: சீன நாட்டுச் சமூக நலவாழ்வில் குடும்ப மருத்துவரின் இடம்

இதயத் துடிப்பு சீரற்றுப்போன முதியவர் ஒருவருக்கு, இரத்தம் கட்டிவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எழுதித் தருகிறார்கள். அவரே, நெஞ்சுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, தெருமுனை மூலிகைக் கடையில் டான்ஷென் வேர் வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். டான்ஷென், வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டக்கூடியது. இரத்தம் உறைய எடுக்கும் நேரம் எல்லை மீறி நீண்டால் உடலுக்குள் இரத்தக் கசிவு நேரலாம். 1990களில் ஹாங்காங் மருத்துவர்கள் இத்தகைய நேர்வுகளை மருத்துவ இதழ்களில் பதிவு செய்தார்கள். மாத்திரை எழுதியவருக்குக் கஷாயம் தெரியாது. மூலிகை நிறுத்துக் கொடுத்தவருக்கு மாத்திரை தெரியாது.

மேலை மருத்துவத்தையும் சீன மரபு மருத்துவத்தையும் இணைக்கலாமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. நோயாளியின் உடலில் இரண்டும் எப்போதோ இணைந்துவிட்டன. அந்த இணைப்புக்கு யார் பொறுப்பேற்பது என்பதுதான் இன்று கேட்கவேண்டிய கேள்வி. சீனத்தின் பெருநிலப் பகுதியும் ஹாங்காங்கும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தேடியிருக்கின்றன. அந்த அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இரு மருத்துவங்களின் கோட்பாடுகளையும் உருக்கி ஒன்றாக்க வேண்டிய தேவை கிடையாது. ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அறிந்த மருத்துவர் ஒருவரும், இரு தரப்பாரும் எழுதிப் படிக்கிற ஒரே மருத்துவப் பதிவேடும் வேண்டும். இவ்விரண்டும் அமையாவிட்டால், இரு மருத்துவங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தாலும் நோயாளிக்குப் பாதுகாப்பு கிடைக்காது.

மோதலும் உறவும்

ஹாங்காங்கின் துங் வா மருத்துவமனை 1872இல் திறக்கப்பட்டபோது அங்கே சீன மருத்துவம் மட்டுமே இருந்தது. அறுவை சிகிச்சைக்கும் ஆங்கிலேய மருத்துவர்களுக்கும் அஞ்சிய ஏழைச் சீனர்களுக்காக ஊர்ப் பெரியவர்கள் எழுப்பிய நிறுவனம் அது. 1894இல் கொள்ளைநோய் பரவியது. அதன் பின் எழுந்த விசாரணைகளை அடுத்து, 1896இல் மேலை மருத்துவம் பயின்ற சீனர் ஒருவர் அங்கே அமர்த்தப்பட்டார். ஒரே வளாகத்தில் இரண்டும் இயங்கத் தொடங்கின. கொள்கை வகுத்து நடந்த மாற்றமன்று. கொள்ளைநோய் கொண்டுவந்த மாற்றம்.

பெருநிலத்தில் உறவு இன்னும் கசப்பாக இருந்தது. 1929இல் ஜப்பானில் மருத்துவம் பயின்ற யூ யூன்ஷியூ, சீன மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அரசின் நலவாழ்வுக் குழுவில் முன்வைத்தார். அதை எதிர்த்து அந்த ஆண்டு மார்ச் 17 அன்று ஷாங்ஹாயில் மரபு மருத்துவர்களும் மூலிகை வணிகர்களும் திரண்டனர். தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை.

1949இல் மக்கள் சீனம் பிறந்தபோது நாட்டின் மக்கள்தொகை 54 கோடி. மேலை மருத்துவம் பயின்றவர்கள் மிகச் சிலர்; அவர்களும் நகரங்களில் இருந்தனர். ஊர்ப்புறத்தில் மருத்துவர் என்றால் அது மரபு மருத்துவரே. 1950இல் கூடிய முதல் தேசிய நலவாழ்வு மாநாடு, இரு மருத்துவர்களையும் ஒன்றுபடுத்துவதைக் கொள்கையாக அறிவித்தது. 1955இல் பெய்ஜிங்கில் சீன மருத்துவ ஆய்வுக் கழகமும், 1956இல் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்டூ ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகளும் நிறுவப்பட்டன. மேலை மருத்துவம் படித்தவர்களைச் சீன மருத்துவம் பயில அனுப்பும் வகுப்புகளும் தொடங்கின. அவ்வகுப்பில் 1959 முதல் 1962 வரை பயின்றவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற து யூயூ.

1965 ஜூன் 26 அன்று சீனத் தலைவர் மாவோ, நலவாழ்வு அமைச்சகம் நகரத்தாருக்கே உழைக்கிறது என்று கடுமையாகச் சாடினார். 1968இல் ஷாங்ஹாய் அருகே ஒரு கம்யூனின் அனுபவத்தை நாளேடுகள் வெளியிட்டபோது ‘வெறுங்கால் மருத்துவர்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. சில மாதங்களே பயிற்சி பெற்ற விவசாயிகள் அவர்கள். பாதி நாள் வயலில், பாதி நாள் வைத்தியத்தில். தடுப்பூசி போட்டார்கள், கிணற்று நீரைச் சுத்தப்படுத்தினார்கள், அக்குபங்சர் ஊசி குத்தினார்கள், வேலியோரம் வளர்ந்த மூலிகையைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். 1970களின் நடுவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பணியில் இருந்தனர். ஊரார் பணம் சேர்த்து நடத்திய கூட்டுறவு மருத்துவத் திட்டம் ஏறத்தாழ 90 விழுக்காட்டு ஊர்களை எட்டியிருந்தது.

அக்கால நலவாழ்வு முன்னேற்றத்தின் பெரும்பங்கு தடுப்பூசிக்கும் தூய நீருக்கும் உணவுக்கும் உரியது. மூலிகையும் ஊசியும் கையாளப்பட்டதற்கு முதற்காரணம் அவை மலிவாகக் கிடைத்தன என்பதே. ஆனாலும் அந்த மருத்துவரிடம் ஒரு வலிமை இருந்தது: எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் என்ன குடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கம்யூன்கள் கலைந்தபோது கூட்டுறவுத் திட்டமும் சரிந்தது. 1980களின் நடுவில் அது ஏறத்தாழ 5 விழுக்காட்டு ஊர்களில் மட்டுமே எஞ்சியது. 1985இல் வெறுங்கால் மருத்துவர் என்ற பெயரே கைவிடப்பட்டது. ஊர் மருத்துவர்கள் மருந்து விற்றுப் பிழைக்க நேர்ந்தது. 1982 அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு இரு மருத்துவங்களையும் வளர்ப்பதை அரசின் கடமையாக்கியிருந்தது. ஆனால் அவற்றை ஒருங்கே பார்த்துக்கொள்ளும் ஆள் ஊரில் இல்லாமற்போனார்.

குடும்ப மருத்துவம் தரும் சட்டகம்

முதல்நிலை மருத்துவத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் அதற்கு நான்கு தூண்களை வகுத்தார்: நோயாளி முதலில் நாடும் இடமாக இருத்தல், உறவு தொடர்தல், தேவைகள் அனைத்தையும் கவனித்தல், பிற மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளை ஒருங்கிணைத்தல். குடும்ப மருத்துவர் ஓர் உறுப்பின் வல்லுநர் அல்லர். ஒரு மனிதரின் வல்லுநர்.

சீன மரபு மருத்துவர் நோயாளியைப் பார்த்து, குரலையும் மணத்தையும் கவனித்து, கேள்வி கேட்டு, நாடி பிடிக்கிறார். உறக்கம், பசி, மலச்சிக்கல், மனநிலை, பருவகாலம் எல்லாவற்றையும் விசாரிக்கிறார். அவற்றிலிருந்து ஓர் உடல்நிலைக் கோலத்தைத் தேர்கிறார். ஒரே நோய் கொண்ட இருவருக்கு வெவ்வேறு மருந்து தருவார். வெவ்வேறு நோய் கொண்ட இருவருக்கு ஒரே மருந்து தருவார்.

மனிதரை முழுமையாகப் பார்க்கும் இந்த மனப்பாங்கில் இருவரும் நெருங்குகிறார்கள். விளக்கத்தில் நெருங்கவில்லை. சீ என்னும் உயிராற்றலையும் யின்–யாங் சமநிலையையும் கொண்டு ஒருவர் பேசுகிறார். இரத்த அழுத்தம், சர்க்கரை, வீக்கம் என்று மற்றவர் பேசுகிறார். இவ்விரண்டு பேச்சுகளையும் வலிந்து ஒன்றாக்கினால் இரண்டுமே குழம்பும். நோயாளியைக் கவனிக்கும் முறையில் கைகோத்து, சிகிச்சையின் பலனை ஒரே அளவுகோலால் அளந்தால் போதுமானது.

பெருநிலத்தின் வழி: ஒரே குழுவில் இருவர்

2009இல் தொடங்கிய மருத்துவச் சீர்திருத்தம், நகர்களில் சமூக நலவாழ்வு மையங்களையும் ஊர்ப்புறத்தில் வட்டார மருத்துவமனைகளையும் ஊர் மருத்துவ நிலையங்களையும் வலுப்படுத்த முனைந்தது. 2011இல் பொது மருத்துவர்களை உருவாக்கும் திட்டம் வந்தது: ஐந்தாண்டு மருத்துவப் பட்டப்படிப்பு, அதன்மேல் மூன்றாண்டு நேரடிப் பயிற்சி. 2030க்குள் பத்தாயிரம் மக்களுக்கு ஐந்து பொது மருத்துவர்கள் வேண்டும் என்பது அரசின் இலக்கு. இதில் ஒரு தனித்தன்மை உண்டு. சீன மருத்துவப் பிரிவில் பயின்றவரும் பொது மருத்துவராகப் பதிவு பெறலாம்.

2016இல் குடும்ப மருத்துவர் ஒப்பந்த முறை நாடெங்கும் விரிந்தது. ஒரு குடும்பம் தன் பகுதி மையத்தில் உள்ள ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். குழுவில் குடும்ப மருத்துவர், சமூகச் செவிலியர், பொதுச் சுகாதார மருத்துவர் இருப்பார்கள். சீன மருத்துவச் சேவை தரக்கூடிய ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் படிப்படியாக இடம்பெற வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொன்னது. பல மையங்களில் அக்குபங்சர், தோலில் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங், மாசிபத்திரி இனச் செடியின் பஞ்சை எரித்து ஒத்தடம் தரும் மோக்சா, உடல் பிடித்துவிடுதல், கஷாயம் ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதியே அமைக்கப்பட்டது. 2017 ஜூலை 1 முதல் சீன மருத்துவத்துக்கென்று தனிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குள்ளும் மரபு மருத்துவம் நுழைந்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 33 கேள்விகள் கொண்ட படிவத்தின் வழியே உடல்வாகு கணிக்கப்படுகிறது. பேராசிரியர் வாங் சி வகுத்த ஒன்பது உடல்வாகுகளில் முதியவர் எதில் அடங்குவார் என்று பார்த்து, உணவும் உடற்பயிற்சியும் சொல்லப்படுகின்றன. குழந்தைகள் விஷயத்தில் பெற்றோருக்குப் பயிற்சி தரப்படுகிறது: ஆறாம் மாதத்திலும் முதல் பிறந்தநாளை ஒட்டியும் வயிற்றை வருடுவது, முதுகுத்தண்டை ஒட்டித் தோலை இலேசாகப் பிடித்துவிடுவது, ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் மூக்கோரத்திலும் முழங்காலுக்குக் கீழும் உள்ள புள்ளிகளை அழுத்துவது.

இவற்றின் மருத்துவப் பலனுக்கு வலுவான சான்று இன்னும் சேரவில்லை. ஆனால் முதியவரிடம் உறக்கத்தையும் சோர்வையும் குளிரையும் பற்றிப் பொறுமையாகக் கேட்பதும், குழந்தையைத் தொட்டுப் பேணத் தாய் தந்தையருக்குக் கற்றுத்தருவதும் நல்ல சமூக மருத்துவத்தின் பகுதிகள்தாம். உரையாடலாக நிகழும் வரை அந்த 33 கேள்விகளுக்குப் பயன் உண்டு. எண்ணிக்கை காட்ட நிரப்பப்படும் படிவமாக மாறினால் மருத்துவரின் நேரமே வீணாகும்.

பெரிய பலவீனம் மருந்தில் இருக்கிறது. 2009இன் அடிப்படை மருந்துப் பட்டியலில் 307 மருந்துகள் இருந்தன; அவற்றில் 102 ஆலையில் தயாரான சீன மருந்துகள். 2018 பட்டியலில் 685இல் 268. இவற்றைப் பெருமளவில் எழுதித் தந்தவர்கள் சீன மருத்துவக் கோட்பாட்டைப் பயிலாத மேலை மருத்துவர்கள். நாடி பார்த்து, கோலம் தேர்ந்து தரவேண்டிய மருந்து, பெட்டியின் மேல் அச்சிட்ட நோய்ப் பெயரைப் பார்த்துத் தரப்பட்டது. இரு மருத்துவங்களின் ஒழுங்குகளும் அங்கே கைவிடப்பட்டன. உரிய பயிற்சி இல்லாதவர்கள் இம்மருந்துகளை எழுதுவதற்கு 2019இல்தான் அரசு கட்டுப்பாடு விதித்தது.

பண ஊக்கமும் சேர்ந்துகொண்டது. மருந்து விற்று இலாபம் பார்ப்பதைத் தடுக்க, வாங்கிய விலைக்கே விற்கும் முறையை அரசு கொண்டுவந்தபோது, காய்ந்த மூலிகைச் சரக்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. மரபு மருத்துவத்தைக் காப்பது நோக்கம். ஆனால் தேவையறியாமல் மூலிகை எழுதும் ஆசைக்கும் அந்த விலக்கு வாசல் திறந்துவைக்கிறது.

ஹாங்காங்கின் வழி: தனித் தனித் துறைகள், நடுவே பாலம்

பிரித்தானிய ஆட்சியில் சீன மருத்துவர்கள் நெடுங்காலம் பதிவோ ஒழுங்குமுறையோ இன்றித் தொழில் செய்தனர். தவறான மூலிகையால் கடுமையான நச்சுப் பாதிப்புகள் நேர்ந்த பிறகு, 1989இல் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஆட்சி சீனாவின் கைக்கு மாறியபின், ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இரு மருத்துவங்களையும் வளர்க்கச் சொன்னது. 1999இல் சீன மருத்துவச் சட்டம் நிறைவேறியது. மருத்துவர் பதிவு, மருந்துப் பதிவு, நச்சு மூலிகைகளின் பட்டியல் யாவும் அதன்கீழ் வந்தன. 2006 டிசம்பர் முதல் பதிவு பெற்ற சீன மருத்துவர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றும் சட்டப்படி செல்லுபடியானது.

2003இல் தொடங்கி, பதினெட்டு மாவட்டங்களிலும் சீன மருத்துவ மையங்கள் அமைக்கப்பட்டன. மருத்துவமனை ஆணையம், தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றை நடத்தின. 2014இல் பொது மருத்துவமனைகளில் கூட்டுச் சிகிச்சை முன்னோட்டம் தொடங்கியது. எடுத்துக்கொண்ட நோய்நிலைகள் மூன்று: பக்கவாதம், கீழ்முதுகு வலி, புற்றுநோயின் இறுதிக்கால ஆதரவுச் சிகிச்சை. பக்கவாதப் பிரிவு இடம்பெற்றது அந்தப் பழைய துங் வா மருத்துவமனையிலேயே. எல்லா நோய்க்கும் இரண்டையும் கலக்காமல், எங்கே தேவை உண்டோ, எங்கே பலன் அளக்கக்கூடியதோ அங்கே மட்டும் தொடங்கியது இத்திட்டத்தின் சிறப்பு.

அடுத்த அடி சமூகத்தில் வைக்கப்பட்டது. 2019இல் குவாய் சிங் மாவட்டத்தில் முதல் மாவட்ட நலவாழ்வு மையம் திறக்கப்பட்டது. செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர், மருந்தாளுநர், உணவியலாளர் ஆகியோரோடு சீன மருத்துவரும் அந்த வலைப்பின்னலில் இருக்கிறார். 2022இன் முதல்நிலை நலவாழ்வு வரைவுத் திட்டம், ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் என்ற எண்ணத்தை மையமாக்கியது. 2023 நவம்பரில், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தொடக்கத்திலேயே கண்டறிந்து தனியார் குடும்ப மருத்துவரோடு இணைக்கும் திட்டம் தொடங்கியது.

இங்கும் இடைவெளி உண்டு. 2016இல் தொடங்கிய மின்னணு மருத்துவப் பதிவேடு முதற்கட்டத்தில் மேலை மருத்துவத் தகவல்களுக்கே அமைந்தது. சீன மருத்துவத் தகவல் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. வார்ஃபரினும் டான்ஷெனும் ஒரே திரையில் தெரியவேண்டும் என்பது முதற்கட்டத்திலேயே இருந்திருக்க வேண்டிய தேவை. பெருநிலம் இருவரையும் ஒரே குழுவில் உட்காரவைத்துவிட்டு யார் எதை எழுதலாம் என்ற வரம்பைத் தாமதமாக விதித்தது. ஹாங்காங் வரம்பை முதலில் விதித்துவிட்டு, இருவரும் பேசிக்கொள்ளும் வழியைத் தாமதமாக அமைத்தது. ஒருவரின் குறை மற்றவருக்குப் பாடம்.

சான்று சொல்வது

சீன மருத்துவம் முழுவதும் பலன் தரும் என்றோ முழுவதும் போலி என்றோ சொல்வது ஆய்வுக்கு ஒவ்வாது. ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் தேறினர். அக்குபங்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி வைத்த குழுவில் தேறியவர்கள் 44.2 விழுக்காடு. வழிகாட்டுதல்படி மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 விழுக்காடு. இதை நேர்மையாகப் படித்தால் இரண்டு உண்மைகள் தென்படும். ஊசி சிகிச்சை வழக்கமான சிகிச்சையைவிட நோயாளிக்கு அதிகம் உதவியது. ஆனால் ஊசி எங்கே குத்தப்படுகிறது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. உடலில் ஓடும் தடங்கள் பற்றிய மரபுக் கோட்பாட்டை இம்முடிவு ஆதரிக்கவில்லை. ஆயினும் அடுத்தடுத்து அமர்வுகளில் ஒருவர் தொட்டு, கேட்டு, கவனித்துத் தரும் சிகிச்சை, வலிக்கு மாத்திரையே கதி என்றிருக்கும் முதியவருக்கு ஒரு மாற்றைத் தருகிறது. 2007இலிருந்து ஜெர்மனியின் சட்டப்பூர்வக் காப்பீடு கீழ்முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கும் அக்குபங்சர் செலவை ஏற்கிறது. 2017இல் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரியும், கீழ்முதுகு வலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லா வழிகளுள் ஒன்றாக அக்குபங்சரைக் குறிப்பிட்டது.

மெதுவான அசைவுகளால் ஆன சீன மரபு உடற்பயிற்சியான தைச்சிக்குச் சான்று இன்னும் உறுதியானது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விழும் ஆபத்துள்ள முதியவர்களில் தைச்சி பயின்றவர்கள், உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர். 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரி, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தைச்சியை வலுவாகப் பரிந்துரைத்தது. ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒரு திடலும் ஒரு பயிற்றுநரும் போதும். சமூக மையத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரபுச் சிகிச்சை அரிது.

மூலிகையிலும் கடுமையான ஆய்வு முடியும். தேள், பூரான், அட்டை, ஜின்செங் முதலியவை சேர்ந்த டோங்ஷின்லுவோ என்னும் மருந்து, மாரடைப்பு வந்த 3,777 சீன நோயாளிகளிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, 30 நாட்களுக்குள் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் 5.2 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தன. மற்ற நாடுகளிலும் இச்சோதனை நடந்து இதே முடிவு கிடைக்கும்போதுதான் அது நிலைபெறும். ஆனால் மரபு மருந்தை மேலைச் சோதனை முறையால் அளக்கவே முடியாது என்ற வாதம் இதோடு முடிந்தது.

து யூயூவின் வழி வேறு. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய கைநூலில், மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன குறிப்பைக் கவனித்தார். வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறு பிரித்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது. மரபு நூல் ஓர் ஊகத்தைத் தந்தது; ஆய்வுக்கூடம் அதை மெய்ப்பித்தது.

மறைந்திருக்கும் ஆபத்து

இயற்கையானது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்குப் பிரஸ்ஸல்ஸ் நகரம் பெரிய விலை கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலியத் தரப்பட்ட மருந்தில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட வேறொரு மூலிகை கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாயின. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் அதிமதுரத்தின் இனத்தைச் சேர்ந்த கன்சாவோ, எண்ணற்ற சீனக் கஷாயங்களில் சேர்வது. நெடுநாள் உண்டால் அது பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடும். வசநாபி இனத்துக் கிழங்கான ஃபூஸி, முறையாகச் சுத்தி செய்யாவிட்டால் இதயத் துடிப்பையே நிலைகுலையச் செய்யும்.

இந்த ஆபத்துகளைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சிறுநீரகச் செயல்பாடு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும். மூலிகை பற்றிக் கேட்டால் திட்டுவார் என்ற அச்சமின்றி நோயாளி வாய் திறக்கும் உறவு இருந்தால் போதும். குடும்ப மருத்துவர் அந்த இடத்தில்தான் இன்றியமையாதவர் ஆகிறார்.

என்ன செய்யவேண்டும்

சமூக மையத்தில் இரு மருத்துவங்களையும் இணைக்க விரும்பும் எந்த அரசும் நான்கு பணிகளை முதலில் முடிக்க வேண்டும். நோயாளி உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் மூலிகையும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். எல்லா நோய்க்கும் பொதுவாக இணைக்காமல், நாள்பட்ட வலி, பக்கவாத மறுவாழ்வு, முதியோர் விழுதல் தடுப்பு போன்று பலன் அளக்கக்கூடிய நிலைகளைத் தேர்ந்து தொடங்க வேண்டும். மருந்து விற்பனையிலிருந்து மருத்துவரின் வருமானத்தைப் பிரிக்க வேண்டும். மூலிகைக்கும் இதில் விலக்குக் கூடாது. குடும்ப மருத்துவருக்கு மூலிகை–மாத்திரை எதிர்வினைகளையும், மரபு மருத்துவருக்கு உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிய அறிகுறிகளையும் பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்க வேண்டும். ஒருவர் மற்றவரின் துறையில் வல்லுநராக வேண்டியதில்லை. தம் எல்லை முடியும் இடத்தை அறிந்தால் போதும்.

இந்தப் பட்டியலில் மரபைப் போற்றும் முழக்கத்துக்கோ இழித்துரைக்கும் முழக்கத்துக்கோ இடமில்லை. 1929இல் ஒழிக்க நினைத்தவர்களும் அதன்பின் அரசுப் பெருமையாக உயர்த்திப் பிடித்தவர்களும் மருத்துவத்தைப் பற்றியே பேசினார்கள். இரண்டையும் ஒருசேர உட்கொள்ளும் முதியவரைப் பற்றிப் பேசவேண்டிய காலம் இது. அவருக்கு எந்த மருத்துவம் வென்றது என்பதில் அக்கறையில்லை. வலி குறைய வேண்டும், விழாமல் நடக்க வேண்டும், சிறுநீரகம் கெடக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொறுப்பேற்கும் ஒரு மருத்துவரை அவர் வசிக்கும் தெருவிலேயே அமர்த்துவதுதான் இணைப்பு என்ற பெயருக்குத் தகுதியானது.